பத்து லட்சம் எழுத்துக்கு இடம்

மே 4

மகாகனம் பொருந்திய மருமகளே,

உன் மௌனத்தின் சத்தம் தாங்காமல் என் அறை ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கடற்காற்று என்றார். பாவம், அவருக்கு உன்னைத் தெரியாது.

மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆகவே தபால். தபால்காரர் நீட்டும் உறையை வாங்காமல் கதவைச் சாத்தும் அளவுக்கு உன்னை என் அக்கா வளர்க்கவில்லை என்று நம்புகிறேன்.

நான் எழுதிய வாட்ச்மேன் புரோகிராமுக்கு நீ அனுப்பிய பேட்ச்களை, அதாவது திருத்தங்களை, நான் திருப்பி அனுப்பியது உண்மை. திருப்பும்போது, "இது பேட்ச் இல்லை, வீட்டுக்காரனையே காலி பண்ணச் சொல்லும் நோட்டீஸ்" என்று பொதுக் குழு மடலில் எழுதியதும் உண்மை. அதைப் படித்து உலகமே சிரித்தது என்பது மட்டும் பொய். முக்கால் உலகம்தான் சிரித்தது.

என் பக்கத்தையும் கேள். வாட்ச்மேன் யார்? கணினி கண் விழித்ததும் முதல் ஆளாக எழுந்து, மற்ற புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, மயங்கி விழுந்ததை நிமிர்த்தி வைத்து, ஆபத்து என்றால் மணி அடிப்பவன். இந்தத் துறைமுகத்தில் கிரேன்கள் காலையில் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குகின்றன. கடற்பறவைகள்கூட என் ஜன்னலைக் கடக்கும்போது இறக்கையைத் தாழ்த்திக்கொள்கின்றன.

அப்பேர்ப்பட்டவன், கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பங்கிடும் எந்தக் கர்னலிடமும் நேரே போய்க் கையேந்துவதில்லை. நடுவில் சி லைப்ரரி இருக்கிறது. "கொஞ்சம் நினைவகம் வேண்டும், இந்தக் கோப்பைத் திற, மணி என்ன" என்று அதனிடம் சொன்னால், அது உள்ளே போய் வாங்கி வந்து கொடுக்கும். நான் பெரிய லைப்ரரியின் மடியில் வளர்ந்தவன். கேட்டதையும் கொடுக்கும், கேட்க மறந்ததையும் கொடுக்கும். நீயோ எங்கிருந்தோ ஒரு சின்ன லைப்ரரியைக் கூட்டிக்கொண்டு வந்து, "மாமா, இனிமேல் இதோடும் வாழப் பழகுங்கள்" என்கிறாய். தீப்பெட்டிக்குள் ஜமீன்தார் குடியிருக்க முடியுமா?

அக்காவிடம் பேச வேண்டும். போனில் "ம்", "சரி", "வை" என்கிறாள். அவளையும் உன் கட்சியில் சேர்த்துவிட்டாய் போலிருக்கிறது.

இங்ஙனம்,
முப்பெரும் சமுத்திரங்களின் காவலன்,
உன் மாமா


மே 13

மாமா,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

நீங்கள் எழுதிய நோட்டீஸ் நகைச்சுவையை எங்கள் பட்டறையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது உங்கள் வரி என்று எல்லோருக்கும் தெரியும், நீங்கள் என் மாமா என்பதும் தெரியும். பிறகு கைகழுவும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆசைக்காக நான் லைப்ரரி மாற்றவில்லை. நாங்கள் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருப்பவர்களின் கட்டிலருகே நிற்கும் சின்னப் பெட்டி. காற்று நின்றால், குழாய் நழுவினால், அது கத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. இத்தனை நாள் அதற்குள் இருந்த சிப்பை இனிமேல் செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். புதிய சிப் மிகச் சிறியது. பெரிய லைப்ரரி அதற்குள் நுழையாது. சின்னது நுழையும்.

வாட்ச்மேன் சின்னதோடு பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். பிழை எண்ணைக் கொடுத்து அதன் பெயரைக் கேட்கிறீர்கள். பெரிய லைப்ரரி பெயரைக் கையிலேயே கொடுக்கும். சின்னது, நீங்கள் நீட்டிய தாளில் பெயரை எழுதிவிட்டு "ஆச்சு" என்று மட்டும் சொல்லும். நீங்கள் தாளைப் பார்ப்பதே இல்லை. அந்த "ஆச்சு"வையே பெயர் என்று நினைத்து அச்சடிக்கிறீர்கள். என் திரையில் "பிழை:" என்று வந்து அதற்குப் பிறகு வெறுமை. இப்படி வாட்ச்மேன் முழுக்க இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் பேட்ச்களை ஏற்றுக்கொள்ளாவிட்டால், வாட்ச்மேனைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடுவேன். உங்கள் வாட்ச்மேன் கிரேனைப் பார்த்துக்கொள்ளட்டும். என் வாட்ச்மேன் கட்டிலைப் பார்த்துக்கொள்வான். பிறகு நீங்கள் சரிசெய்யும் எதுவும் எனக்கு வராது, நான் கண்டுபிடிக்கும் எதுவும் உங்களுக்கு வராது. எனக்கு இதில் விருப்பம் இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறார். இந்தக் கடிதத்தின் நடுவில் பலமுறை எழுந்து போய்விட்டு வந்தேன், அதனால் கோர்வையாக இருக்காது.

உங்கள் மருமகள்


மே 20

தனிக்குடித்தனப் பேரரசியே,

அந்த வார்த்தையைப் படித்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். நான் விழுந்த அதிர்வில் கீழ்த்தளத்தில் சைக்கிள் ரிப்பேர் செய்பவர் ஓடி வந்து, "சார், கப்பல் ஏதும் மோதிடுச்சா?" என்று கேட்டார். "இல்லைப்பா, மருமக கடிதம்" என்றேன். "அது அதைவிட மோசமாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். உலக அனுபவம் உள்ளவர்.

சரி. சின்ன லைப்ரரியை என் மேசைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். வாட்ச்மேனை அதோடு சேர்த்துக் கட்டச் சொன்னால் திரை முழுக்கப் பிழைச் செய்திகளாக வசவு. சில வசவுகள் நியாயம். "ஆச்சு" விவகாரத்தைப் பார்த்தேன். இத்தனை காலம் நான் தாளைப் பார்க்காமல் வாழ்ந்திருக்கிறேன். அதற்குத் தண்டனையாக இன்று காலை சர்க்கரை இல்லாமல் காபி குடித்தேன்.

உன் பேட்ச்களில் பாதியை ஏற்றுக்கொண்டுவிட்டேன். மீதிப் பாதிக்குப் பதிலாக, மாமாவே ஒன்று செய்து அனுப்பியிருக்கிறேன். வாட்ச்மேனைக் கட்டும்போது முதலிலேயே, "ஐயா, தாங்கள் எந்த லைப்ரரி?" என்று கேட்பது. பெரியது என்றால் பழைய வழி, சின்னது என்றால் உன் வழி. மரியாதையான கேள்வி. சபைக்கு வருகிறவனிடம் யாரும் கேட்பதுதானே?

ஆனால் உன் சின்ன லைப்ரரி பெயர் சொல்ல மாட்டேன் என்கிறது! பெரியவர் நெற்றியிலேயே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். இவன் எங்கே தேடினாலும் ஒரு சீட்டு இல்லை. இப்படி ஒரு திமிரை நான் என் சொந்தக் குடும்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே, "பெரியவர் இல்லை என்றால் இவன்தான்" என்று வைத்துவிட்டேன்.

அக்கா நேற்றும் "ம்" என்றாள். ஒரே மூச்சில் தெருக்கதை முழுக்கச் சொல்கிறவள் ஒரு "ம்" சொல்லிவிட்டு நிறுத்துகிறாள் என்றால் என்ன கோபம் அது! நான் என்ன செய்தேன் என்று கேட்டுச் சொல். மடலில் எழுதிய அந்த நோட்டீஸ் வரிக்காக என்றால், மன்னிப்பை நாலு மொழியில் பாடி அனுப்புகிறேன்.

மாமா


மே 29

மாமா,

பாதியை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. உண்மையாகவே நன்றி.

பெயர் கேட்கும் பேட்ச் வேண்டாம். அந்த லைப்ரரி வேண்டுமென்றேதான் பெயர் சொல்லாமல் இருக்கிறது. பெயரைச் சொன்னால் உங்களைப் போன்றவர்கள் "ஓ, நீயா? உனக்கு இது வராது" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்கள். நாளைக்கு அதற்கு வந்தாலும் கேட்க மாட்டார்கள். மூன்றாவதாக ஒரு லைப்ரரி வந்தால் உங்கள் பேட்ச் அதையும் சின்னது என்று நினைத்துக்கொள்ளும். யார் என்று கேட்காதீர்கள் மாமா, வருமா என்று கேளுங்கள். கட்டும்போது நாலு வரிப் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்து, ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். அப்படி மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது எல்லாம் சுத்தமாகக் கட்டப்படுகிறது. புதிய பெட்டியில் வாட்ச்மேன் எழுந்து நிற்கிறான். எல்லோரையும் எழுப்புகிறான். பட்டறையில் கைதட்டினார்கள்.

பிறகு சோதனை மேசையில் காற்றுக் குழாயைக் கையால் பிடுங்கினேன். பெட்டி கத்தவில்லை.

மறுபடி செருகி மறுபடி பிடுங்கினேன். கத்த வேண்டிய அந்த நொடியில் அலாரம் செத்துவிடுகிறது. வாட்ச்மேன் பொறுப்பாக அதை மறுபடி எழுப்புகிறான். அது கத்த வாயெடுக்கிறது, மறுபடி சாகிறது. குழாய் செருகியிருக்கும்வரை எல்லா விளக்கும் பச்சை. என் மேசைக் கணினியில் பெரிய லைப்ரரியோடு கட்டினால் தெரு முழுக்கக் கேட்கக் கத்துகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் அலாரப் பகுதியின் முதல் வரி. செய்தி எழுதுவதற்கு என்று பத்து லட்சம் எழுத்துக்கு இடம் பிடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு த்ரெட், ஒரு குட்டி வேலையாள் மாதிரி, தனியாக ஓடுகிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் வேலை செய்ய லைப்ரரி ஒரு மேசை போட்டுக் கொடுக்கிறது. பெரிய லைப்ரரி போடுவது கல்யாணப் பந்தி மேசை. சின்னது போடுவது ஒரு முக்காலி. அந்த முக்காலி மேல் நீங்கள் பத்து லட்சம் எழுத்தைப் பரப்பப் பார்க்கிறீர்கள்.

காற்று நின்றுவிட்டது என்று சொல்ல எதற்கு மாமா இவ்வளவு இடம்?

அடுத்த மாதக் கடைசியில் மேலாளர் முடிவு செய்கிறார். வாட்ச்மேன் வேண்டாம், வேறு எதையாவது புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு மழைக்காலம் முழுக்க ஆகும். என்னால் அதுவரை காத்திருக்க முடியாது.

மருமகள்


ஜூன் 5

அவசரக்காரி,

எதற்கு இவ்வளவு இடமா? சொல்கிறேன்.

ஒரு சமயம் இங்கே கிரேன் ஒன்று பெட்டகத்தைத் தூக்கிய கையோடு நடு ஆகாயத்தில் நின்றுவிட்டது. திரையில் "பிழை" என்று ஒரே வார்த்தை. கீழே நின்ற லாரி ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தபடியே சாமியாராகிவிட்டார். அதிகாரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "என்ன பிழை? எப்போதிலிருந்து? காற்று எவ்வளவு? பாரம் எவ்வளவு? முந்தைய வாரம் ஏதாவது முனகியதா?" என்று கேட்டார்கள். அன்று சபதம் எடுத்தேன். என் வாட்ச்மேன் வாயைத் திறந்தால் ஆதி முதல் அந்தம் வரை சொல்ல வேண்டும். வணக்கம் சொல்லி, யார் யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்று வரிசைப்படுத்தி, கடைசியில் நடந்ததைச் சொல்லி முடிப்பான். அது செய்தி இல்லை, சாசனம். சாசனத்தை முக்காலியில் வைத்து எழுத முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: சாசனத்தில் கை வைக்காதே. த்ரெட்டைத் தொடங்கும்போதே, "இவனுக்குக் கொஞ்சம் பெரிய மேசையாகப் போடு" என்று சின்ன லைப்ரரியிடம் சொல்லலாம். அதற்கு வழி இருக்கிறது, பேட்ச்சும் அனுப்பிவிட்டேன். மூன்றே வரி. இதைப் படிக்கும் மேலாளர் என் சிலையை வாசலில் வைப்பார். குதிரை வேண்டாம், சும்மா நின்றபடி இருந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். மழைக்காலம்வரை காத்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். கம்பெனியால் முடியாது என்று எழுதவில்லை. ஏன் இப்படிப் பறக்கிறாய்? சாப்பிடுகிறாயா? உன் கையெழுத்து வரி மாறி வரி மாறி ஓடுகிறது. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன், நீ எடுத்து, "தூங்கறாங்க மாமா" என்றாய். பட்டப்பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மாமா


ஜூன் 11

மாமா,

பெரிய மேசை கேட்டுப் பார்த்தேன். ஒரு சென்சார் கத்தினால் சமாளிக்கிறது. குழாய் நழுவும்போது காற்று, அழுத்தம், நாடி மூன்றும் சேர்ந்து கத்தும். மூன்று த்ரெட்டும் மூன்று பந்தி மேசையை விரித்து, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி முதலில் சுத்தமாகத் துடைக்கத் தொடங்குகின்றன. துடைக்கும்போதே பெட்டியின் நினைவகம் தீர்ந்துவிடுகிறது. மொத்தப் பெட்டியும் கவிழ்கிறது.

இனி எழுதப் போவதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பனிக்காலத்தின் கடைசியிலிருந்து அம்மா மூச்சுக் கருவியில் இருக்கிறார். நுரையீரல். உயிருக்கு உடனே ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. கருவி ஓடினால் நன்றாக இருக்கிறார். அது தடைபட்டால் யாராவது உடனே குழாயைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். இது சரியான அளவு மாமா. இதைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "அவன்கிட்ட சொல்லாதடி. எனக்குத் தும்மல்னா ஊருக்கு நிமோனியான்னு சொல்றவன். கிளம்பி வந்துருவான். வந்தா என்னைச் சிரிக்க வெச்சே கொன்னுருவான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிரித்தால் குழாய் நழுவுகிறது. நழுவினால் மூச்சு வாங்குகிறது. அதனால்தான் போனில் "ம்". பேச ஆரம்பித்தால் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள் என்று பயம்.

கட்டிலருகே இருந்த பழைய பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. அந்த வகை இனிமேல் கிடைக்காது. புதியது தயாரானதும் வீட்டுச் சோதனைக்கான முதல் பெட்டியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான்தான் அந்தப் பெட்டி. பட்டறைக்குப் போகும்போது பக்கத்து வீட்டம்மா பெட்டி. குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறேன். உங்களுக்கு எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

உங்கள் சாசனத்தைப் படிக்க இந்த வீட்டில் அதிகாரிகள் யாரும் இல்லை. நான் ஒருத்திதான். எனக்கு ஒரு வார்த்தை போதும்.

மருமகள்


ஜூன் 17

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். பிறகு அக்கா சொன்னதை நினைத்து வைத்துவிட்டேன்.

பத்து லட்சத்தை எடுத்துவிட்டேன். அலாரம் இனிமேல் எதையும் சேர்த்துவைத்துக்கொண்டு பேசாது. முதலில் மணி. பிறகு ஒரு வரி. கிரேன்காரர்களுக்கு வேண்டிய கதையை வாட்ச்மேன் பின்னால் நிதானமாக, துண்டு துண்டாக, கோப்பில் எழுதிக்கொள்வான். வணக்கத்தை எடுத்துவிட்டேன். இரண்டு லைப்ரரியோடும் கட்டிப் பார்த்தேன். கத்துகிறது.

பேட்ச் இன்றே மின்னஞ்சலில் வருகிறது. திருத்த வேண்டியதை நீயே திருத்திச் சேர்த்துக்கொள், என்னைக் கேட்க வேண்டாம். அதற்கான உரிமையை உனக்குக் கொடுத்துவிட்டேன். தனிக்குடித்தனம் வேண்டாம்.

எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்லாதே. நான் வழக்கம்போல எழுதுகிறேன். நீ பாட்டுக்கு வாசித்துக் காட்டாமல் வைத்துக்கொள்.

மாமா


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று சென்சாரையும் ஒன்றாகப் பிடுங்கினேன். பட்டறையில் ஒருவர் கையிலிருந்த தேநீரைக் கீழே போட்டார், அவ்வளவு சத்தம். மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு "சரி, சரி, வாட்ச்மேனே இருக்கட்டும்" என்றார். சிலையைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

திங்கட்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தது. கட்டிலருகே வைத்தேன். அம்மா அதை முறைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு. எனக்கு அந்தப் பச்சை விளக்கின் மேல் நம்பிக்கை வரவில்லை. சோதனை மேசையிலும் முன்பு பச்சையாகத்தானே இருந்தது? அதனால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து அடுப்படிவரை போவேன், திரும்பி வருவேன்.

அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன்டி கூண்டுப் பூனை மாதிரி அலையற? உக்காந்து எதையாவது படி" என்றார். கையில் கிடைத்தது உங்கள் பழைய கடிதம். யோசிக்காமல் படிக்க ஆரம்பித்துவிட்டேன். கப்பல் மோதியது வரைக்கும் தாங்கிக்கொண்டார். "மருமக கடிதம்" என்று சொன்னதும், "அது அதைவிட மோசமாச்சே" வந்தது பாருங்கள், வெடித்துவிட்டார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். குழாய் நழுவியது.

நான் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் பெட்டி கத்தியது மாமா. பக்கத்து வீட்டம்மா கரண்டியோடு ஓடி வந்தார். நான் குழாயைச் சரிசெய்தேன். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் திரையைப் படித்தார். "குழாய் நழுவியது. வா."

"யார் எழுதினது இதை?"

சொன்னேன்.

"அவனா? மூணே வார்த்தையா?" திரையை மறுபடி படித்தார். "அவனுக்கு உடம்புக்கு என்னடி?"

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரியும் என்பதையும். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தபோது சொன்னார்: "பொட்டி இருக்கில்ல. இனிமே சிரிக்கலாம். அவனை வரச் சொல்லு. பொட்டிக்கு எழுதற மாதிரி எங்கிட்ட சுருக்கமா பேசினான்னா வாசலோட திருப்பி அனுப்பிருவேன்னும் சொல்லு."

இந்தக் கடிதத்தை நடுவில் எழுந்திருக்காமல் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 9

பெட்டியை ஆளும் பெருந்தேவியே,

கிளம்பிவிட்டேன். நான் போகிறேன் என்று கேள்விப்பட்டு, துறைமுகத்தில் கிரேன்கள் வரிசையாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டன. துடைத்த தண்ணீரில் ஒரு கப்பல் தரை தட்டாமல் தப்பியது. சைக்கிள் ரிப்பேர்காரர் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன சார், இரும்பா?" என்றார். "இல்லப்பா, எல்லாம் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பொய்" என்றேன். "அப்போ நான் கை வைக்கல, நீங்களே தூக்குங்க" என்று நகர்ந்துவிட்டார்.

வந்ததும் முதல் நாள் சின்னப் பொய்யாக ஆரம்பிக்கிறேன். நீ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள். அது கத்தாமல் தாங்கினால் அடுத்த நாள் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

குழாயை எப்படிச் செருகுவது என்று எனக்கும் சொல்லிக் கொடு. நான் இருக்கும்வரை நீ கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம்.

மாமா